ஆர்.சி. பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிறீர்களா? ஜூன் மாதத்துக்கு முன் ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. பள்ளியிலிருந்து ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், அல்லது வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டிருப்பார்கள். தாளாளர், பங்கு, முதல் வெள்ளி, எமிஸ், நன்னெறி வகுப்பு என்று அதில் வரும் சொற்களில் பாதி, தலைமுறையாக அந்தப் பள்ளியிலேயே படித்த குடும்பங்களுக்குத்தான் பழக்கம். வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தவர்கள், கூடங்குளத்துக்கும் மகேந்திரகிரிக்கும் வந்து குடியேறியவர்கள், வீட்டில் முதல் ஆளாக ஒரு பிள்ளையை 'சிஸ்டர் ஸ்கூலில்' போடும் இந்துக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளிகளுக்கு இரண்டு எஜமானர்கள். சம்பளம், பாடப்புத்தகம், சாப்பாடு, பதிவேடு எல்லாம் அரசாங்கம். கட்டடம், நிர்வாகம், ஜெபம், ஒழுங்கு எல்லாம் திருச்சபை. எந்தக் காரியம் யாருடையது என்று தெரிந்துவிட்டால் வருஷம் முழுக்கத் தேவையில்லாமல் அலைய வேண்டாம்.

முதலில்: நீங்கள் சேர்த்திருப்பது எந்த வகைப் பள்ளி?

சிரிக்காதீர்கள், இது தெரியாமலே இரண்டு வருஷம் ஓட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். நம் பக்கம் ஊருக்கு ஊர் இரண்டு வகைக் கிறிஸ்தவப் பள்ளிகள் உண்டு. பெயர்ப்பலகையில் டி.டி.டி.ஏ. என்று இருந்தால் அது சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலத்துப் பள்ளி, ஐயர்மார், அதாவது சி.எஸ்.ஐ. போதகர்கள் பார்ப்பது. ஆர்.சி. என்று இருந்தால்தான் கத்தோலிக்கப் பள்ளி, சாமியாரும் (ஃபாதர்) சிஸ்டர்களும் பார்ப்பது. விண்ணப்பத்தை ஒன்றில் வாங்கி இன்னொன்றில் கொண்டுபோய் நீட்டும் ஆட்கள் ஒவ்வொரு மே மாதமும் உண்டு.

ஆர்.சி. பள்ளிகளுக்குள்ளும் மறைமாவட்டம், அதாவது ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி, வேறுபடும். பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973-ல் மதுரையிலிருந்து பிரிந்தது. உவரி, கூடங்குளம், வடக்கன்குளம் பக்கமெல்லாம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. உங்களுக்கு இது எதற்கு என்றால், ஆசிரியர் மாற்றல், தாளாளர் (பள்ளி நிர்வாகப் பொறுப்பாளர்) மாற்றல் எல்லாம் அந்தந்த மறைமாவட்டத்துக்குள்தான் நடக்கும். 'பாளையங்கோட்டை பிஷப் ஹவுஸில் எனக்கு ஆள் தெரியும்' என்று யாராவது சொன்னால், உங்கள் பள்ளி உவரிப் பக்கம் என்றால் அது ஒன்றுக்கும் உதவாது.

இதைவிட முக்கியமான பிரிவு பணம் சம்பந்தப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, தமிழ் வழித் தொடக்க வகுப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அதே வளாகத்தில் ஆங்கில வழிச் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். ஒரே வாசல், ஒரே மணி, ஒரே சிஸ்டர், ஆனால் இந்தப் பிரிவுக்குக் கட்டணம் உண்டு, அரசின் இலவசங்கள் வராது. மூன்றாவது, முழுக்கத் தனியார் கட்டணத்தில் ஓடும் நர்சரி பள்ளி, மெட்ரிக் பள்ளி. 'என் பிள்ளை கான்வென்டில் படிக்கிறது' என்று மூன்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அலுவலகத்தில் போய், 'இது எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. அதனால் ஆர்.சி. பள்ளியில் போய் அந்த ஒதுக்கீட்டைக் கேட்டு வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை.

அடுத்து காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகல், சாதிச் சான்றிதழ், போட்டோ. வேறு பள்ளியிலிருந்து வந்தால் டி.சி. கத்தோலிக்கப் பிள்ளை என்றால் ஞானஸ்நானச் சான்றும் கேட்பார்கள், அதைப் பங்குக் கோயில் அலுவலகத்தில் வாங்க வேண்டும் (பங்கு என்பது ஒரு சாமியார் பார்க்கும் ஊர்ச் சபை, அதன் சர்ச்தான் பங்குக் கோயில்), வேறு ஊரில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அந்த ஊர்ப் பங்கிலிருந்துதான் வர வேண்டும், கொஞ்சம் நாளாகும்.

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்காக சிஸ்டரிடம் கெஞ்சுவதில் அர்த்தமில்லை, கையெழுத்துப் போட அவர் தயாராக இருந்தாலும் கணினி வயதைப் பார்த்துத்தான் ஏற்கும்.

அந்தக் கணினிதான் எமிஸ், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் எண் உண்டு, பள்ளி மாறினாலும் எண் மாறாது. பழைய பள்ளி தங்கள் பட்டியலிலிருந்து பிள்ளையை விடுவித்தால்தான் புதுப்பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். கையில் டி.சி. வாங்கியதோடு வேலை முடிந்தது என்று வந்துவிடாமல், 'எமிஸ்ல எடுத்து விட்டுட்டீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கட்டணப் பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. பழைய பள்ளி இழுத்தடித்தால் இதை ஞாபகப்படுத்தலாம்.

பெரிய தலைவலி பெயர். நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, மருத்துவமனையில் அவசரத்தில் எழுதிக் கொடுத்த பெயர் ஒன்று. ஆரோக்கியம், சவரி, அந்தோணி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்; அப்பா ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பிள்ளை ஆதாரில் வேறு. இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒன்றாம் வகுப்பில் பதிகிற பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும், அப்போது மாற்றப் போனால் அலைச்சல் சொல்லி முடியாது. ஆகவே பிறப்புச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லையா? தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை பெயரைச் சேர்க்கலாம், பள்ளியில் சேர்ப்பதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

5 வயதுக்கு முன் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது ஆனதும் கைரேகையும் கண்ணும் பதிந்து புதுப்பிக்க வேண்டும், 5 முதல் 7 வயதுக்குள் இது இலவசம். மே மாதக் கடைசியில் போனால் ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நிற்கும்.

சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அப்பா, அம்மா சான்றிதழ்களில் மதமும் சாதியும் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. இது நியாயமா என்பது பெரிய வழக்கு, இங்கே பேச இடமில்லை.

வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு: தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் சட்டம் வந்தது. தப்பிக்க வழி தேடுவதைவிட முதல் பருவத்திலேயே டீச்சரிடம் சொல்லி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது நல்லது. பிள்ளைகள் தீபாவளிக்குள் நம் வட்டார வழக்கில் சண்டையே போடும்.

என்ன வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது

மே மாதம் பாளை மார்க்கெட்டிலும் டவுனிலும் கடைக்காரர்கள் பிள்ளையைப் பார்த்ததுமே பை, ஷூ, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார்கள். உதவி பெறும் பிரிவு என்றால் கொஞ்சம் பொறுங்கள். பாடப்புத்தகம் இலவசம், நோட்டுப் புத்தகம் இலவசம், பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் அரசு கொடுக்கிறது. ஒரே நாளில் எல்லாம் வந்து சேராது என்பதுதான் சிக்கல். முதல் வாரத்துக்குப் பழைய பை போதும்.

சீருடை விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அரசின் நான்கு செட் இலவசச் சீருடை சத்துணவில் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான். 'என் பிள்ளை வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடும்' என்று கௌரவத்துக்காகப் பெயரை விட்டுவிட்டு, பிறகு சீருடை வரவில்லை என்று ஹெச்.எம். அறை வாசலில் நிற்காதீர்கள். சில பள்ளிகளுக்குத் தனியாக வேறு நிறச் சீருடை உண்டு, அதற்கு எங்கே துணி எடுப்பது என்று பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். தைக்கும்போது கீழே மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், டிசம்பரில் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

காலைச் சாப்பாடும் இப்போது உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியபோது நம் ஆர்.சி. பள்ளிகளுக்கு இல்லை, ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளை கிச்சடி சாப்பிடும், உதவி பெறும் பள்ளிப் பிள்ளை வேடிக்கை பார்க்கும். 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்தது. சொல்லப்போனால் இந்த இரண்டு விரிவாக்கத்தையும் தொடங்கி வைத்ததே கத்தோலிக்கப் பள்ளிகளில்தான், கீழச்சேரியில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சாம்பாரோடு. பள்ளி மணி அடிப்பதற்கு அரை மணி நேரமாவது முன்னால் பிள்ளை அங்கே இருந்தால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியும். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சுயநிதிப் பிரிவு, மெட்ரிக் என்றால் எல்லாம் உங்கள் கைக்காசு. தனியார் பள்ளிகளுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, 2009-ல் அதற்குச் சட்டமே வந்தது. எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். சிஸ்டரிடம் எப்படி ரசீது கேட்பது என்று தயங்குவார்கள் நம் ஆட்கள். ஒழுங்காக நடக்கும் பள்ளியில் நீங்கள் கேட்பதற்கு முன்பே கிழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

உதவித்தொகை பற்றிப் பழைய தகவல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் சிறுபான்மையினர் பள்ளிப் படிப்பு உதவித்தொகை முன்பு ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு, 2022-ல் 1 முதல் 8 வகுப்பு வரை நிறுத்திவிட்டார்கள். 'கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது ஐந்நூறு ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திறக்கும் நாளும் முதல் வாரமும்

ஜூன் முதல் வாரம் என்று போட்டிருந்தாலும் அதை நம்பி ஊருக்குத் திரும்பும் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு புலம்பக் கூடாது. வெயிலைப் பார்த்துத் தள்ளிப் போடுவார்கள். 2023-ல் தொடக்கப்பள்ளிகள் ஜூன் 14-ல்தான் திறந்தன, 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. மே கடைசி வாரச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த கொஞ்ச நாளிலேயே நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வரும், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலெக்டர் விடுமுறை விட்டால் ஆர்.சி. பள்ளிக்கும் அது பொருந்தும். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு மழைக்கால விடுமுறை சோம்பேறித்தனம் இல்லை என்று தெரியும்.

கொண்டுபோய் விடுவதற்கு வேன், ஆட்டோ என்று பேசும்போது எத்தனை பிள்ளைகளை ஏற்றுவார் என்று கேளுங்கள், முடிந்தால் ஒரு நாள் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். டவுன் பஸ் வசதியுள்ள வழி என்றால் அம்மாவுக்கு மகளிர் இலவசப் பயணம், பிள்ளைக்குப் பள்ளிப் பாஸ், மாதச் செலவு மிச்சம்.

முதல் நாள் அழும். அழட்டும். வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பாக்கள்தான் டீச்சருக்குப் பெரிய தொந்தரவு. பாட்டில், குடை, டிபன் மூடி எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். ஒரு வகுப்பில் நாலு அந்தோணி, மூன்று மரியா இருக்கும், இன்ஷியலும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் மூன்று வாரத்தில் வீட்டுப்பாடமே வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துப் பாட்டும் அட்டையுமாகத்தான் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர், நம் பிள்ளை அரும்பு என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அது டீச்சருடைய வேலைக்கான பிரிவு, ரேங்க் கிடையாது.

ஜெபம், பூசை, பொட்டு

எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் இடம் இது.

காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தோடு ஒரு ஜெபமும் இருக்கும். கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஒரு பூசை (சர்ச்சில் நடக்கும் திருப்பலி) வைப்பார்கள், மாதத்தின் முதல் வெள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். ஜூன் மாதம் இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த மாதம், ஜூன் 13 அந்தோணியார் திருநாள். அதனால் பள்ளி திறந்ததுமே இரண்டு மூன்று கொண்டாட்டம் வந்துவிடும். ஆகஸ்ட் 15 சுதந்திர தினமும் மாதா திருநாளும் ஒன்றாக வரும், கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வர நேரமாகும். அக்டோபர் ஜெபமாலை மாதம்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (கிறிஸ்தவ மதப் பாடம்), மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு, இதுதான் வழக்கம். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் அமைதியாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும். என் அனுபவத்தில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களுக்கு இதில் தகராறே இருப்பதில்லை. அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் யார் எந்த மதம் என்று உவரியில் யாரும் கேட்பதில்லை. புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்குவது) வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும், அதைப் பள்ளியைவிடப் பங்குதான் நடத்தும். அதற்குப் பங்கு அலுவலகத்தில் தனியாகப் பெயர் கொடுங்கள், பள்ளியில் சேர்த்ததாலேயே அதில் பெயர் ஏறிவிடாது.

பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ரெட்டைச் சடை, ரிப்பன் நிறம் எல்லாம் கண்டிப்பு.

கையில் கயிறு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது புரியாது: நம் மாவட்டத்தில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்குச் சாதி உண்டு. நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். அதற்குத் தெரியாதுதான், கட்டிவிடும் மாமாவுக்குத் தெரியும். கோயில் கயிறாக இருந்தாலும் பள்ளிக்குப் போகும்போது கழற்றிவிடுங்கள்.

யாரைப் பார்ப்பது

வீட்டுப்பாடம், சண்டை, காய்ச்சல், விடுப்பு: வகுப்பாசிரியர். டி.சி., எமிஸ், சத்துணவு, சீருடை: ஹெச்.எம். இவர்களோடு முடியவேண்டிய விஷயத்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஃபாதரிடம் போகாதீர்கள். தாளாளர் என்பவர் பல இடங்களில் அந்த ஊர்ப் பங்குச் சாமியார்தான். அவருக்கு அடக்கப் பூசை, கல்யாணப் பூசை, அன்பியக் கூட்டம் (பங்குக் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடுவது) என்று ஆயிரம் வேலை, கடைசியில் 'சிஸ்டரைப் பாருங்க' என்றுதான் சொல்வார். சிஸ்டருக்கும் மனத்தாங்கல் மிச்சம். கட்டடம், சுயநிதிக் கட்டணத்தில் சலுகை, ஆசிரியர் மேல் கடுமையான புகார், இதற்குத்தான் தாளாளர். கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் ஒளித்து வைக்காமல் ஆகஸ்டுக்குள் நேரில் போய்ச் சொல்லுங்கள், பாக்கி ஏறிய பிறகு மார்ச்சில் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகும்.

பள்ளிக்குள் தீராததற்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தார்கள், தொடக்கூடாத இடத்தில் தொட்டார்கள் என்றால் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்க வேண்டாம், ஃபாதர் என்ன நினைப்பார், ஊர் என்ன பேசும் என்று பார்க்கவும் வேண்டாம்: 1098. அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

நன்கொடைத் தாள்களும் வரும். திருவிழா வரி, தவக்கால உண்டியல், கிறிஸ்துமஸ் குடில். மனமிருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் காலித்தாளைத் திருப்பி அனுப்புங்கள், பிள்ளையை யாரும் குறைத்துப் பார்க்கக் கூடாது. திருவிழா அசனத்துக்கு (எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) கூப்பிட்டால் மட்டும் போய்விட்டு வாருங்கள், வகுப்பு அம்மாக்கள் எல்லாரும் அங்கேதான் பழக்கமாவார்கள்.

ஐந்தாம் வகுப்பில் சேர்த்தவர்களுக்கு மட்டும்

தொடக்கப்பள்ளி ஐந்தோடு முடிகிறது, ஆறாம் வகுப்புக்கு இடம் தானாக வராது. பாளையங்கோட்டையில் பையன்களுக்குச் சேவியர் பள்ளியும் பெண் பிள்ளைகளுக்கு இக்னேஷியஸ் கான்வென்டும்தான் பலருடைய குறி. அந்த வரிசையில் நிற்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்: பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண். உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் அதை விரிவாக்கியது 2024 டிசம்பரில், தூத்துக்குடியில் வைத்து. ஆனால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆங்கில வழிச் சுயநிதி என்றால் இரண்டுமே இல்லை. வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடிவெடுத்துவிட்டு, பொங்கல் லீவு முடிந்ததும் எந்தப் பள்ளியில் விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.